வீட்டுத் துப்பாக்கியும் சமூகப் பணியாளரும்

தொழிலின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் சென்று வாழும் நம்மவர்க்குப் புதுமையாகத் தோன்றும் காட்சிகள் பல. அவற்றுள் ஒன்று, வீட்டுக்குள் இருக்கும் துப்பாக்கி. நம் சிற்றூர்களில் பிறந்து வளர்ந்தவர்களுள் பலர், காவலரின் தோளில் அன்றி வேறெங்கும் துப்பாக்கியைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் உத்தரப் பிரதேசத்திலோ பஞ்சாபிலோ ஒரு நிலக்கிழாரின் வீட்டுப் பகுதியில் குடியிருக்க நேர்ந்தால், கூடத்துச் சுவரிலோ படுக்கையறைப் பீரோவிலோ துப்பாக்கி இருப்பதைக் காண்பது அரிதன்று. உள்துறை அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2016 டிசம்பர் முடிவில் நாடெங்கும் ஏறத்தாழ 33.69 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் நடப்பில் இருந்தன. அவற்றுள் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் ஏறத்தாழ 12.77 லட்சம். தமிழ்நாட்டில் இருந்தவை ஏறத்தாழ 22,500 மட்டுமே. இந்த வேற்றுமையால், துப்பாக்கியுள்ள வீட்டில் எவ்வாறு நடந்துகொள்வது என்னும் பழக்கம் நம்மில் பெரும்பாலோர்க்கு வாய்க்கவில்லை.

கருநாடகத்தின் குடகு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள காப்பித் தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் உண்டு. குடவ இனத்தார்க்கும் ஜம்மா என்னும் நிலவுரிமை உடையோர்க்கும், துப்பாக்கிக்கு உரிமம் பெறுவதிலிருந்து ஆங்கிலேயர் காலந்தொட்டே விலக்கு அளிக்கப்பட்டு வந்துள்ளது. மைய அரசாங்கம் 2019-இல் இவ்விலக்கை 2029 வரை நீட்டித்தது. கருநாடக உயர் நீதிமன்றமும் 2021-இல் இது செல்லும் எனத் தீர்ப்பளித்தது. செப்டம்பர்த் தொடக்கத்தில் வரும் கைல்பொள்து திருநாளில், துப்பாக்கிகளைத் துடைத்துப் பூசையிடத்தில் வைத்து, குழல் முனையில் செங்காந்தள் மலர் சூட்டி வழிபடுவர். நம் தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. ஆண்மகவு பிறந்தால் வானை நோக்கி ஒரு வெடி, இறப்பை ஊருக்கு அறிவிக்க இரண்டு வெடி என்பது அவர்தம் பழைய வழக்கம். இங்ஙனம் ஒரு மக்களின் வாழ்வோடும் வழிபாட்டோடும் பிணைந்துவிட்ட பொருளை இகழ்ந்து பேசி எந்த நற்காரியத்தையும் சாதித்தல் இயலாது. இதை முதலிலேயே சொல்லி வைப்பது நலம்.

ஆகவே, துப்பாக்கி வைத்திருத்தல் நன்றா தீதா என்னும் வாதத்தில் நாம் புகவில்லை. சட்டப்படி அதனை வைத்திருப்போர் வைத்திருக்கட்டும். ஆயினும், அந்தத் துப்பாக்கியால் அந்த வீட்டாரே உயிரிழக்காதபடி காப்பது எவ்வாறு? அதில் சமூகப் பணியாளர் ஆற்றக்கூடிய தொண்டு யாது? இவையே நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

வீட்டுத் துப்பாக்கியால் இறப்பவர் யார் என்று கேட்டால், நம்மில் பலர் திருடனையும் பகைவனையுமே நினைப்போம். உண்மை வேறு. உலகிலேயே மிகுதியான துப்பாக்கிகள் பொதுமக்கள் கையில் உள்ள நாடு அமெரிக்கா. 2018-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி அங்கே 39 கோடிக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் மக்களிடம் இருந்தன. அந்நாட்டில் 2023-ஆம் ஆண்டில் துப்பாக்கியால் மாண்டவர் ஏறத்தாழ 46,700 பேர். அவர்களுள் 27,300 பேர் பிறரால் கொல்லப்பட்டவரல்லர். மனம் உடைந்த நிலையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். அதாவது பாதிக்கும் மேற்பட்டோர். நம் நாட்டில் இவ்வகை இறப்புகளில் துப்பாக்கியின் பங்கு சிறிதே. ஆயினும், துப்பாக்கி உள்ள ஒரு வீட்டைப் பொறுத்தவரை அமெரிக்கா கற்ற பாடம் இங்கும் பொருந்தும். வாயிற்கதவுக்கு வெளியே உள்ள ஆபத்தை எண்ணி வாங்கிய பொருள், வாயிற்கதவுக்கு உள்ளே உள்ள துயரத்தின் கைக்கு எட்டிவிடுகிறது என்பதே அந்தப் பாடம்.

"சாகத் துணிந்தவனைத் தடுக்க யாரால் முடியும்? ஒரு வழியை அடைத்தால் வேறு வழி தேட மாட்டானா?" என்று பலர் கேட்பதுண்டு. கேள்வி இயல்பானதே. ஆனால் ஆராய்ச்சிகள் இதற்கு வேறு விடை தருகின்றன. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில், உயிர் பிழைத்த இளைஞர்களிடையே நடந்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒருவர், முடிவெடுத்ததற்கும் செயலில் இறங்கியதற்கும் இடையே ஐந்து நிமிடங்கூடக் கழியவில்லை என்றனர். பெருந்துயரம் நெடுநாள் இருக்கலாம். ஆனால் உயிரைப் பறிக்கும் வேளை பெரும்பாலும் மிகக் குறுகியது. அந்த வேளையைத் தாண்டி உயிர் பிழைத்தவர்களுள் பத்தில் ஒன்பது பேர், பின்னாளில் அவ்வாறு இறப்பதில்லை என்றும் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. அவர்கள் வாழவே விரும்பினார்கள். அந்த ஒரு நாழிகையைக் கடத்தத்தான் அவர்களுக்குத் துணை வேண்டியிருந்தது. துப்பாக்கியோ, மனம் மாறுவதற்கு வாய்ப்பே தராத கருவி.

இஸ்ரேல் நாட்டுப் படையின் அனுபவம் இதனை விளக்கும். வார விடுமுறைக்கு வீடு செல்லும் இளம் வீரர்கள் துப்பாக்கியை உடன் கொண்டு செல்வது அங்கே வழக்கமாயிருந்தது. 2006-இல் அவ்வழக்கம் மாற்றப்பட்டது. விடுமுறைக்குப் போகும்போது ஆயுதத்தைப் பாசறையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஆணையிட்டனர். வீரர்களிடையே தற்கொலைகள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது குறைந்தன. குறைந்தவை பெரும்பாலும் வார விடுமுறை நாள்களில் நிகழ்ந்து வந்தவை. பிற நாள்களில் அவை கூடவும் இல்லை. ஒரு வழியை அடைத்தால் மற்றொரு வழி தேடுவர் என்னும் கூற்று இங்கே பொய்த்தது.

இக்கருத்து தமிழ் மண்ணுக்கும் புதிதன்று. நம் ஊர்களில் இத்தகைய துயரங்களுக்குக் கருவியாவனவற்றுள் ஒன்று வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து. சென்னையில் 1986-இல் தொடங்கப்பெற்ற 'ஸ்நேகா' என்னும் தொண்டு நிறுவனத்தார், கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் ஒரு சோதனை செய்தனர். இரண்டு சிற்றூர்களில் பொதுக் கூடம் அமைத்து, உழவர்கள் தத்தம் மருந்தை அங்குள்ள பெட்டிகளில் பூட்டி வைக்க வழி செய்தனர். மருந்து உழவருடையதே, அதை வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் உரிமையும் அவருடையதே. வீட்டுக்குள் மட்டும் அது இல்லை. அவ்வூர்களில் பூச்சிமருந்தால் நேரும் துயரங்கள் குறைந்தன என்று 2013-இல் வெளியான அறிக்கை கூறுகிறது. சோதனை சிறியதுதான். ஆனால் பொருளைப் பறிக்காமலே உயிரைக் காக்கலாம் என்பதை அது காட்டியது. துன்புறும் மனத்துக்கும் கொல்லும் கருவிக்கும் இடையே சிறிது காலத்தையும் சிறிது தூரத்தையும் வைத்தல் என்பதே இதன் சாரம். வீட்டுத் துப்பாக்கிக்கும் இதுவே வழி.

இதனைச் செய்யத் தக்கவர் யார்? மருத்துவர் நோயாளியைச் சில நிமிடங்களே காண்கிறார். காவல்துறையினர் வாயிலில் வந்து நின்றால், அண்டை வீட்டார் என்ன நினைப்பரோ என்று குடும்பத்தார் அஞ்சுவர். சமூகப் பணியாளர் ஒருவரே வீட்டுக்குள் சென்று அமர்ந்து, பெரியவர், மருமகள், பிள்ளைகள் என அனைவரோடும் பேசக்கூடியவர். இத்தொழிலுக்கென நம் நாட்டின் முதற் பள்ளி 1936-இல் பம்பாயில் தோன்றியது. பின்னாளில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் பெற்றது அதுவே. சென்னையில் 1952-இல் சமூகப் பணிப் பள்ளி ஏற்பட்டது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையம் மனநலச் சமூகப் பணியில் தனிப் பயிற்சி அளிக்கிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழுக்களிலும் இப்பயிற்சி பெற்றவர்களுக்கு இடமுண்டு.

ஒரு குடும்பத்தை மனத்தில் கொண்டு, பணியாளரின் வேலையைப் பார்ப்போம். படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர், புனே நகரில் வங்கிக் காவலாளியாக இருக்கிறார். இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு அவர் பெயரில் உரிமம் உண்டு. மனைவி இறந்து ஆறு திங்கள் ஆகின்றன. மகனுக்கு இரவு வேலை. அண்மைக் காலமாக அவர் சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை. தம் கைக்கடிகாரத்தைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டார். "இனி எனக்கு எதற்கம்மா?" என்கிறார். மருமகளுக்கு அச்சம். ஆனால் மாமனாரிடம் துப்பாக்கியைப் பற்றிப் பேச நாவெழவில்லை. "அவரிடம் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடுமோ?" என்று அவள் தயங்குகிறாள்.

கேட்பதால் அந்த எண்ணம் தோன்றுவதில்லை என்பது மனநல வல்லுநர்கள் உறுதி செய்த உண்மை. நெஞ்சில் அடைத்துக் கிடந்ததைச் சொல்ல ஒருவர் கிடைத்தாரே என்ற ஆறுதலே பெரும்பாலும் உண்டாகிறது. ஆகவே சமூகப் பணியாளர் சுற்றி வளைக்காமல், மரியாதை குன்றாமல் கேட்கிறார்: "ஐயா, அம்மா போன பிறகு உங்களுக்கு எவ்வளவு துன்பம் என்று தெரிகிறது. இப்படி இருக்கும்போது சிலருக்கு உயிரோடு இருக்க வேண்டாம் என்றுகூடத் தோன்றும். உங்களுக்கு அப்படித் தோன்றியதுண்டா?" பெரியவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின் தலையசைக்கிறார். "துப்பாக்கி எங்கே இருக்கிறது, ஐயா? தோட்டா எங்கே? சாவி யாரிடம்?" இந்த மூன்று கேள்விகளும் அடுத்து வருகின்றன. படையில் இருந்தவர் ஆதலின் இவற்றுக்கு அவர் நேராகவே விடை தருகிறார். ஆயுதக் கிடங்கின் ஒழுங்கு அவர் அறியாததன்று.

ஆனால் துப்பாக்கியைச் சிறிது காலம் வெளியே வைக்கலாம் என்றதும், அவர் முகம் மாறுகிறது. "துப்பாக்கி இல்லாத காவலாளிக்கு யார் சம்பளம் தருவார்கள்?" என்று கேட்கிறார். இது வெறும் பிடிவாதமன்று. அத்துப்பாக்கிதான் அவருடைய சோறு. இதனை உணராமல் அறிவுரை மட்டும் கூறிச் செல்பவர் பணியாளர் அல்லர். ஒரு திங்கள் மருத்துவ விடுப்போ, துப்பாக்கியில்லாத வேறு பணியோ கிடைக்குமா என்று வேலை தருவோரிடம் பேசுவதும், அதற்கு மருத்துவரின் சான்றைப் பெற்றுத் தருவதும், வருவாய் குறையும் அந்த மாதத்தில் குடும்பம் எவ்வாறு சமாளிக்கும் என்று மகனோடு அமர்ந்து கணக்கிடுவதும் பணியாளரின் வேலையில் அடங்கும். அவ்வளவும் செய்த பின்னரே, "உடல்நிலை தேறியதும் உங்கள் துப்பாக்கி உங்களிடமே வரும். அதுவரை வெளியே இருக்கட்டும்" என்னும் சொல்லைப் பெரியவர் நம்பி ஏற்பார்.

வெளியே என்றால் எங்கே? இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நண்பர் வீட்டில் கொடுத்து வைப்போம் என்று நம்மவர் எளிதில் எண்ணுவர். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, வைத்திருக்க உரிமை இல்லாதவரிடம் துப்பாக்கியை ஒப்படைப்பது குற்றம். கொடுத்தவரும் வாங்கியவரும் இடர்ப்படுவர். அரசாங்க உரிமம் பெற்று, பிறர் ஆயுதங்களைப் பாதுகாப்பில் வைக்க அனுமதி பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ, காவல் நிலையத்திலோ கேட்டு ஒப்படைத்து, ரசீது பெறுவதே முறை. தேர்தல் காலங்களில் உரிமம் பெற்றவர்கள் காவல் நிலையத்தில் துப்பாக்கியை ஒப்படைத்துப் பின்னர்த் திரும்பப் பெறுவதை யாவரும் அறிவர். அதில் இழிவொன்றும் இல்லையே. வீட்டில் துயரம் நேர்ந்த காலத்திலும் அவ்வாறே செய்யலாம் என்று எடுத்துக் காட்டினால், கேட்பவர்க்கு அது எளிதில் விளங்கும்.

நெருக்கடி ஒன்றும் இல்லாத வீட்டிலும் நாளும் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு உண்டு. துப்பாக்கியில் தோட்டா இருத்தல் கூடாது. துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும். தோட்டாக்களை வேறோர் இடத்தில் தனியே பூட்ட வேண்டும். இரண்டின் சாவியும் உரியவர் ஒருவரிடமே இருக்க வேண்டும். 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இவை ஒவ்வொன்றும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் நேரும் துப்பாக்கி விபத்தையும் தற்கொலையையும் குறைப்பதோடு தொடர்புடையது என்று கண்டது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் பாதுகாப்புப் பயிற்சியையும் பத்திரமாக வைக்கும் பொறுப்பையும் வற்புறுத்துகின்றன.

"பரண்மேல் ஒளித்து வைத்திருக்கிறோம், பிள்ளைக்குத் தெரியாது" என்று சொல்லும் பெற்றோர் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இதனைச் சோதித்து 2006-இல் வெளியிட்டனர். துப்பாக்கி இருக்குமிடம் தம் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோர் நூற்றுவரில் 39 பேரின் பிள்ளைகள், இருக்குமிடம் தமக்குத் தெரியும் என்றனர். ஒளித்தல் வேறு, பூட்டுதல் வேறு. தோட்டத்து முதலாளி வீட்டிலும் நிலக்கிழார் வீட்டிலும் வேலை செய்யும் நம் பெண்கள், பள்ளி விடுமுறையில் தம் பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்வதுண்டு. அப்பிள்ளைகளின் பொருட்டும் இக்கேள்வி கேட்கப்பட வேண்டும். வேலை தருவோரிடம் தாமே கேட்கத் தயங்கினால், அவ்வட்டாரத்துச் சமூகப் பணியாளரோ அங்கன்வாடிப் பணியாளரோ எல்லா வீடுகளிலும் கேட்கும் பொதுக் கேள்வியாக அதனைக் கேட்கலாம். பொதுக் கேள்வி எவரையும் புண்படுத்தாது.

வேறொரு வகை வீடும் உண்டு. அங்கே துப்பாக்கி, மனைவியை அச்சுறுத்தும் கருவியாகிறது. சுட வேண்டியதில்லை, எடுத்து மேசைமேல் வைத்தாலே போதும். 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்க வகை செய்கிறது. 2006-ஆம் ஆண்டின் விதிகளின்படி, நீதித்துறை நடுவர் எழுத்து மூலம் ஆணையிட்டால், வன்முறையில் பயன்பட்ட ஆயுதத்தைக் காவல்துறையின் துணையோடு அவர் கைப்பற்றலாம். இத்தகைய வீட்டில் கணவனோடு நயமாகப் பேசிப் பார்ப்பது பணியாளரின் முதல் வேலையன்று. அது பெண்ணுக்கு மேலும் ஆபத்தை விளைவிக்கும். அவளைத் தனியே சந்தித்து, பாதுகாப்பான இடத்துக்கு வழி செய்து, சட்டத்தின் உதவியை நாடுவதே முதற்கடமை. 181 என்னும் எண்ணில் மகளிர் உதவி கிடைக்கும்.

துப்பாக்கியை விரும்புவோரையே இப்பணியில் துணையாக்கலாம் என்பதற்கும் சான்று உண்டு. 2009-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூவர், ஒரு வாரத்துக்குள், வாங்கிய சில மணி நேரத்திலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர். கடைக்காரர் மனம் வருந்தினார். பொதுநலப் பணியாளர்களும் துப்பாக்கி வணிகர்களும் கூடிப் பேசினர். துயரத்தில் இருப்பவர் வாங்க வந்தால் எவ்வாறு அடையாளம் காண்பது, எவ்வாறு விற்காமல் திருப்பி அனுப்புவது என்பன பற்றித் துண்டு வெளியீடுகளும் சுவரொட்டிகளும் ஆக்கினர். பின்னர் இம்முறை வேறு பல மாநிலங்களுக்கும் பரவியது. குடகிலும் இவ்வாறு நேரலாகாதா? கைல்பொள்து நாளில் துப்பாக்கியைத் துடைத்து வழிபடும் குடும்பப் பெரியவர், அன்றே பூட்டையும் சாவியையும் சரிபார்க்கச் சொன்னால், சமூகப் பணியாளரின் நூறு உரைகளைக் காட்டிலும் அது பயன் தரும். அப்பெரியவரைத் தேடிச் சென்று பேசுவதே பணியாளரின் திறம்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் என்ன பங்கு? துன்பம் வந்த வேளையில் மனிதன் தாய்மொழியில்தான் அழுகிறான். மராத்தியோ இந்தியோ மட்டும் அறிந்த பணியாளர், தமிழ்ப் பெரியவரின் உள்ளத்தை எளிதில் எட்ட முடியாது. அங்கே தமிழ்ச் சங்கத்தார் துணை நிற்கலாம். நம்பிக்கைக்குரிய ஒருவரை மொழிபெயர்ப்பாளராக அனுப்பலாம். கேட்டதை வெளியே சொல்லாத கட்டுப்பாடு மட்டும் அவருக்கு வேண்டும். 2022-இல் மைய அரசாங்கம் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையில், 14416 என்னும் எண்ணை அழைத்துத் தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைப் பெருந்துயரில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. ஆகவே, வழக்கு வருமோ என்று அஞ்சி உதவி கேட்காதிருக்க வேண்டுவதில்லை.

புனே நகரத்துப் பெரியவரின் வீட்டுக்கு மீண்டும் வருவோம். அத்தகைய வீடுகள் நம் தெருவிலும் இருக்கலாம். துப்பாக்கி இருப்பது அவ்வீட்டாரின் உரிமை. துயரம் வருவது எவர் வீட்டிலும் இயல்பு. இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ் ஒரே வேளையில் கூடும்போது, ஒருவர் சென்று சாவி யாரிடம் என்று கேட்க வேண்டும். சமூகப் பணியாளர் அதனைக் கேட்கப் பயிற்சி பெற்றவர். அவரை அந்த வாசலுக்கு அழைத்து வருவது, அண்டை வீட்டில் வாழும் நம் கடமை. ஒரு திங்கள் பூட்டியிருக்கும் துப்பாக்கியால் யாருக்கும் இழப்பில்லை. அந்த ஒரு திங்களுக்குள் பேரனின் கையிலுள்ள கடிகாரத்தைப் பெரியவர் திரும்பக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளக் கூடும்.